வெள்ளி நிற்கிறாள்

வெள்ளி என்பவள் ஈஸ்வரிக்குச் சொந்தக்காரியும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை. கைப்பேசிக்குள் இருக்கிற ஒரு வில்லுக்காரி. கணவாய் கணவாயாகக் கடந்து போகிற ஒரு விளையாட்டில், ஆடுகிறவருக்குத் துணையாகக் கூடவே நடந்து வருவாள். சுமை தூக்குவாள், அம்பு விடுவாள், காயம் பட்டால் மருந்து வைத்துக் கட்டுவாள். இத்தனையும் செய்வாள் என்று கிரேஸ் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள். ஈஸ்வரிக்கு வந்து வாய்த்த வெள்ளியோ, மூன்று அம்பு விட்டால் நாலாவது அம்புக்கு மூச்சு வாங்கினாள்.

"உன் ராசி அப்டிக்கா," என்று கிரேஸ் சிரித்தாள். "எங்கூட வர்ற வெள்ளி ஒரே மூச்சுல பத்து ஓநாய அடிக்குது."

இருவரும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஓடுகிற பெல்ட்டுக்கு முன்னால் நின்று, நெளிந்த மூடி, விளிம்பில் பிசிறடித்த மூடி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துப் போடுவது வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். உட்கார்ந்தால் கண் சொக்கும் என்பது சூப்பர்வைசரின் கண்டுபிடிப்பு. அவர் மட்டும் சக்கரம் வைத்த நாற்காலியில் உருண்டு வந்து அதைச் சொல்லிவிட்டு உருண்டு போவார்.

கிரேஸ் மீஞ்சூரில் ரயில் ஏறுகிறவள். ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பாள். ஈஸ்வரி, திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிப் பக்கத்து ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவில் பொன்னேரி வந்து, வண்டி வருகிறவரை நடைமேடையில் காய்ந்து, அந்த இடத்தில் வந்து விழுவாள். அப்புறம் பேச்சு கிடையாது. வெளியே பார்ப்பதும் கிடையாது. மடியில் பையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். முப்பத்தொன்பது வயதுக்காரி அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் கிரேஸ் ஒருநாள் கைப்பேசியைப் பிடுங்கி அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள்.

"தமிழ்லயே பேசலாம்கா. இந்த மைக்க அமுக்கிட்டு வான்னா வரும், அடின்னா அடிக்கும்."

மூடி பொறுக்கிப் பொறுக்கி ஈஸ்வரியின் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. அவள் தொடுவது சில நேரம் திரைக்கே உறைக்காது. அதனால் பேசித்தான் ஆடினாள். முதல் இரண்டு நாள் வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ரயிலில் பாதிப் பேர் கைப்பேசியோடு பேசிக்கொண்டுதான் வருகிறார்கள். எதிர்முனையில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று யார் கண்டது?

மூன்று கணவாய் எப்படியோ தாண்டிவிட்டாள். நாலாவதில் ஓநாய்க் கூட்டம் வழிமறித்தது. அங்கேதான் வெள்ளி படுத்துக்கொண்டாள். அவள் தலைக்கு மேலே 'சோர்வு' என்று ஒரு பட்டை இருக்கும். பச்சையாக இருந்தால் தெம்பு, சிவப்பானால் ஓய்ந்துவிட்டாள் என்று அர்த்தம். ஈஸ்வரி எப்போது திறந்தாலும் அது சிவப்பாகவே இருந்தது.

"கூட வர்றவகிட்ட வேலை வாங்கத் தெரியணும்கா," என்று கிரேஸ் பாடம் எடுத்தாள். "மூட்டைய பூரா அவ முதுகுல கட்டு. சண்டைன்னா மொதல்ல அவள உடு. நல்ல மருந்து நீ வெச்சிக்க. உழுந்தா உழுவட்டும், அதுக்கு உசுரா கீது? கூடாரத்துல போயி திரும்ப எந்திரிச்சிக்கும்."

ஈஸ்வரி மூட்டையைக் கட்டிப் பார்த்தாள். பட்டை சிவப்பு. மனசு கேட்காமல் மூட்டையை இறக்கிவிட்டு ரொட்டி கொடுத்தாள், தேன் கொடுத்தாள், தன்னிடமிருந்த ஒரே கம்பளியையும் கொடுத்தாள். வெள்ளி ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னாள். பட்டை மட்டும் சிவப்பாகவே நின்றது. இதுவும் நம்மைப் போலத்தான், தின்றது உடம்பில் ஒட்டவில்லை என்று ஈஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

இறங்குகிற இடம் வந்ததும் மைக்கை அமுக்கி, "வரேன் வெள்ளி," என்பாள். வெள்ளி தலையை ஆட்டி, அச்சுத் தமிழில், "சரி. இங்கேயே நிற்கிறேன்," என்பாள். அந்த ஒரு வார்த்தை ஈஸ்வரிக்குப் பிடித்திருந்தது. நமக்காக ஒருத்தி நிற்கிறாள் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

வீட்டிலும் அவளுக்கு அப்படி ஒருத்தி இருந்தாள்.

ஜோதிலட்சுமி, ஈஸ்வரியின் நாத்தனார். இறந்துபோன கணவன் சசிகுமாரின் தங்கை. ஆறு வருஷத்துக்கு முன்னால் சசிகுமார் ஒரு காலையில் "வரேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். மாரடைப்பு. ஆம்புலன்ஸில்தான் வந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவு சனம் பையைத் தூக்கியபோது, ஈஸ்வரி ஒரு கையில் ஏழு வயது மகள் புவனாவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஜோதியின் முந்தானையைப் பிடித்தாள். "ரெண்டு நாளு இரு ஜோதி," என்றாள். ஜோதி அப்போது மாதர்பாக்கத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி, தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். பையை மறுபடி ஆணியில் மாட்டினாள். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை.

விடிவதற்குள் ஈஸ்வரிக்குச் சாப்பாடு கட்டுவது ஜோதி. புவனாவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவது ஜோதி. ரேஷன் வரிசையில் நிற்பது, அறுபது சென்ட் நெல் நிலத்துக்குத் தண்ணீர் முறை வருகிற நாளில் மடை ஓரம் நிற்பது, காஸ் சிலிண்டர் வண்டிக்காக வாசலில் நிற்பது எல்லாம் ஜோதி. சாயங்காலம் தெருமுனையில் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்துக்கு வந்து நின்று, ஈஸ்வரியின் கையிலிருந்து சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொள்வதும் அவள்தான். காலிப் பைதான், ஒரு கனமும் இல்லை. ஆனாலும் அதை அவள் வாங்கிக்கொள்கிற அந்த நிமிஷத்துக்காகவே ஈஸ்வரி கும்மிடிப்பூண்டியிலிருந்து உடம்பை இழுத்துக்கொண்டு வந்து சேர்வாள்.

இப்போது அந்த ஜோதியைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை பரசுராமனுக்கு நாற்பத்தைந்து வயது. ஊத்துக்கோட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மனைவி இறந்து நாலு வருஷம், பிள்ளை இல்லை. ஒரு கல்யாணத்தில் ஜோதியைப் பார்த்திருக்கிறார். அவருக்காகப் பேச வருகிறவள் அக்கா கங்கம்மாள், ஊத்துக்கோட்டை சந்தையில் காய்க்கடை வைத்திருப்பவள். தராசு பிடிக்கிற கை என்பதால் பேச்சிலும் இழுவை கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவையாக வந்தாள்.

"இன்னாமா, பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிக்கினே கீறியே, இன்னாத்த பாக்கப் போற? டப்பு வாணாம், நகை வாணாம். பொண்ண கேட்டா அண்ணி சொல்றதுதான்னுது. அண்ணி நீ வாயத் தொறக்க மாட்டன்ற. வர்ற ஞாயித்துக்கெழம வரேன். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அதுக்கு மேல என் தம்பிய நிக்க வெக்க முடியாது."

இல்லை என்று சொல்ல நம்மிடம் எத்தனையோ வழி இருக்கிறது. அதில் மரியாதையானது 'பாக்கலாம்'. ஈஸ்வரி மூன்று மாதமாக அதை வைத்தே ஓட்டிவிட்டாள். அந்தச் சரக்கு தீர்ந்துபோனதால், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் புதிதாக ஒன்று யோசித்து வைத்திருந்தாள். புவனா பத்தாவது முடிக்கட்டும் என்று சொல்லிவிடலாம். புவனா இப்போதுதான் எட்டாவது. அதற்குள் பரசுராமனுக்கு வேறு இடம் அமைந்துவிடும். யார் மேலும் பழி இல்லை.

ஈஸ்வரி கெட்டவள் இல்லை, களைத்தவள். களைத்தவளிடம் நியாயம் கேட்பது, பசித்தவன் தட்டில் பங்கு கேட்கிற மாதிரி. ஜோதிக்கு முப்பத்தேழு வயதாகிறது, இதை விட்டால் இன்னொன்று வராது என்பதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஜோதி போய்விட்டால் தன்னால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பி வருகிற ரயிலில் அது நடந்தது. கவரைப்பேட்டை தாண்டி வண்டி பொன்னேரியை நெருங்கியதும், ஈஸ்வரி வழக்கம்போல மைக்கை அமுக்கி, "வரேன் வெள்ளி," என்றாள். வெள்ளி வழக்கம்போல, "சரி. இங்கேயே நிற்கிறேன்," என்றாள். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கிரேஸ் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"இன்னாக்கா சொன்ன நீ இப்போ?"

"இன்னா சொன்னேன்? வரேன்னேன்."

"தெனமும் இப்டித்தான் சொல்லுவியா?"

"பின்ன? போறேன்னா சொல்லுவாங்க?"

கிரேஸ் இரண்டாவது கண்ணையும் திறந்தாள். முதலில் சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரித்துச் சிரித்து, எதிர் சீட்டுக்காரர் முறைக்கிற அளவுக்குச் சிரித்தாள். அப்புறம் சொன்னாள். "அக்கா, அதுக்கு இன்னா தெரியும்? அது மிஷினு. வரேன்னா நீ வந்துகினே கீறன்னு நெனைச்சிக்கும். இதோ வந்துருவா, இதோ வந்துருவான்னு அங்கியே நிக்குது. போறேன்னு சொன்னாத்தான் கூடாரத்துக்குப் போயி படுக்கும். தூங்கினாத்தான் அந்தப் பட்டை பச்சையாவும்."

"உன்னுது மட்டும் எப்டித் தூங்குது?"

"நான் எங்க பேசறேன்? வெளியேறுன்னு ஒரு பட்டன் கீது, அத அமுக்கிட்டுப் போயிடுவேன்."

ஈஸ்வரி திரையைப் பார்த்தாள். மலையடிவாரத்தில், மழையில், வில்லை ஊன்றிக்கொண்டு வெள்ளி நின்றிருந்தாள். ஈஸ்வரி இருபத்திரண்டு நாளாக இந்த விளையாட்டை ஆடுகிறாள். இருபத்திரண்டு நாளாக வெள்ளி படுக்கவே இல்லை. ஈஸ்வரி பெல்ட்டுக்கு முன் நின்ற நேரம், ஆட்டோவில் வந்த நேரம், வீட்டில் குப்புற விழுந்து தூங்கிய நேரம், எல்லா நேரமும் இவள் நின்றிருக்கிறாள். தேன் வாங்கிக் கொடுத்தோமே என்று ஈஸ்வரி நினைத்தாள். நிற்கிறவளுக்குத் தேன் எதற்கு?

"இப்போ சொல்லுக்கா, போறேன்னு."

ஈஸ்வரி வாயைத் திறந்தாள். ஊரில் யாரும் அதைச் சொல்லிவிட்டு வாசல் தாண்டியதில்லை. பொன்னேரி வந்துவிட்டது. சொல்லாமலே இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை கும்மிடிப்பூண்டி நடைமேடைக்குள் வண்டி நுழைகிற நேரம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டாள். "போறேன் வெள்ளி." கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. கீழே கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்மா, வெள்ளிக்கெழம காலங்காத்தால வேல வெட்டிக்குப் போறவ பேசற பேச்சா இது? த்தூ த்தூன்னு துப்பு." ஈஸ்வரி துப்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளி, "சரி. நான் போய்ப் படுக்கிறேன்," என்றாள். குனிந்து ஒரு கையால் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிறகு நொண்டுகிற மாதிரி மெதுவாக நடந்து கூடாரத்துக்குள் போனாள்.

அன்று சாயங்காலம் ரயிலில் நாலாவது கணவாய் தாண்டியாயிற்று. பட்டை பச்சைப் பசேல் என்றிருந்தது. வெள்ளி ஒன்றுக்கு மூன்றாக அம்பு விட்டாள், ஓநாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின. கிரேஸ் கைதட்டினாள். "பாத்தியா, இவ்ளோதான் சூட்சுமம். தூங்க வெச்சா போதும்." ஈஸ்வரிக்குச் சந்தோஷம் வரவில்லை. யார் மேல் என்று தெரியாத கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே பொன்னேரியில் இறங்கி ஆட்டோ பிடித்தாள்.

தெருமுனையில் ஜோதி நின்றிருந்தாள். கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள். ஈஸ்வரி அன்றைக்கு ஜோதியின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். இரண்டு காலும் வீங்கியிருந்தன. செருப்பு வார் சதைக்குள் புதைந்து கிடந்தது. கணுக்காலுக்கு மேலே நரம்பு நீலமாக முடிச்சு முடிச்சாக ஏறியிருந்தது. ஒரே வீட்டில் ஆறு வருஷம். இதற்கு முன் பார்க்காமலா இருந்திருப்பாள்? பார்த்திருப்பாள். கண்ணில்தான் ஏறவில்லை.

"எவ்ளோ நேரமா நிக்கிற ஜோதி?"

"இப்பத்தான் அண்ணி வந்தேன்."

டீக்கடை முனுசாமி கிளாஸைக் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தார். "எங்க இப்பத்தான்? அஞ்சு மணிலேர்ந்து நின்னுகினு கீது. உக்காரும்மா, பெஞ்சி கீதுன்னாலும் கேக்காது. ஒருநாளு வண்டி சீக்கிரமா வந்து நீ தனியா நின்னியாமே, அதுலேர்ந்து இப்டித்தான்."

அது எப்போது என்று ஈஸ்வரிக்கு நினைவில்லை. "சாப்டியா?" என்று கேட்டாள்.

"நீங்க வந்ததும் சாப்டலாம்னு இருந்தேன்."

"மத்தியான சாப்பாட்டக் கேக்கறேன்."

ஜோதி முன்னால் நடந்தாள். தினமும் காலையில் 'வரேன் ஜோதி' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறோம் என்ற நினைப்பு ஈஸ்வரிக்குப் பின்னாலேயே நடந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கங்கம்மாள் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். புவனா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அடுப்படியில் ஜோதி நின்றபடியே இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி வாசல்படியில் நின்று, இரண்டு நாளாக உள்ளே உருட்டி வைத்திருந்ததைப் போட்டு உடைத்தாள்.

"நீ போ ஜோதி."

நல்லது செய்கிறவர்களுக்கு நாக்கில் சனி என்பார்கள். ஜோதியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா அண்ணி?"

"போன்னு சொல்றேன். போயிடு. போதும்."

ஜோதி இறால் சட்டியைத் தள்ளி வைத்தாள். கையைக் கழுவினாள். திரும்பியபோது முகம் செத்திருந்தது. "நான் இன்னா தப்பு பண்ணேன்? ஆறு வருஷமா இந்த ஊட்ட என் ஊடு மாதிரி பாத்துக்கினேன். ஒருநாளு உங்கள எதிர்த்துப் பேசியிருப்பேனா? அந்தம்மா வந்து வந்து கேக்கறாங்கன்னு உங்களுக்குப் பேஜாரா இருந்தா, வேணான்னு நானே சொல்லிடறேன். அதுக்கு எதுக்கு அண்ணி போன்னு சொல்றீங்க? நாய வெரட்டற மாதிரி?"

"ஐயோ, அது இல்லடி."

"வேற எது?"

மூடி பொறுக்குகிறவளுக்கு விளக்கம் சொல்லி என்ன பழக்கம்? ஈஸ்வரி அறைக்குள் ஓடிப்போய்க் கைப்பேசியை எடுத்துவந்தாள். விளையாட்டைத் திறந்து ஜோதியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இவள பாரு. இவ பேரு வெள்ளி. எனுக்குத் தொணைக்கு வர்றவ. நான் இன்னா சொல்றேன், அவ இன்னா சொல்றான்னு கேளு." மைக்கை அமுக்கினாள். "வரேன் வெள்ளி."

"சரி. இங்கேயே நிற்கிறேன்," என்றாள் வெள்ளி.

"கேட்டியா? வரேன்னு சொன்னா நிக்கறா. தெனம் ரயில உட்டு எறங்கறப்போ வரேன்னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு வந்துருவேன். அவ படுக்கல, தூங்கல. நான் வருவேன் வருவேன்னு நின்னுகினே இருந்திருக்கா. இன்னாடி இவ, ஒண்ணுக்கும் ஒதவமாட்டன்றாளேன்னு நான் திட்டிக்கினு இருந்தேன். எனுக்குத் தெரியாது ஜோதி. சத்தியமா தெரியாது. எல்லாரும் சொல்ற மாதிரி வரேன்னுதான் சொன்னேன்."

ஜோதி திரையைப் பார்த்தாள். காற்று அடித்தது, வெள்ளியின் முடி பறந்தது. அவள் அசையாமல் நின்றிருந்தாள். ஜோதி வெகுநேரம் பார்த்தாள்.

"எவ்ளோ நாளா நின்னா?"

"இருவத்திரெண்டு நாளு."

ஜோதி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினாள். அடுப்படித் தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நேராக நீட்டினாள். பகல் வெளிச்சத்தில் அவள் அப்படி உட்கார்ந்து ஈஸ்வரி பார்த்ததில்லை.

"கால் வலிக்குது அண்ணி," என்றாள்.

ஆறு வருஷத்தில் முதல் தடவை. சொன்னதும் அழுதாள். ஈஸ்வரியும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கால்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாத்தனார் காலை அண்ணி தொடுவதாவது என்று ஜோதி இழுத்துப் பார்த்தாள், ஈஸ்வரி விடவில்லை.

"ரெண்டு நாளு இருன்னேன் அன்னிக்கு. அந்த ரெண்டு நாளு எப்பவோ முடிஞ்சிடுச்சி ஜோதி. முடிஞ்சிடுச்சின்னு நான்தான் சொல்லல. தெரிஞ்சேதான் சொல்லல."

இறால் வாடை கட்டிய அந்த அடுப்படியில் ஈயை ஓட்டக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஈஸ்வரி கேட்டாள். "அவர உனுக்குப் புடிச்சிருக்கா?"

ஜோதி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அந்தக் கல்யாண ஊட்லேர்ந்து பஸ் ஸ்டாண்டு வரிக்கும் அவரு ஆட்டோலதான் வந்தேன். வேற யாரும் ஏறல. கண்ணாடில பாத்துட்டு, கால நீட்டி உக்காரும்மா, எடந்தான் கீதேன்னாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் அண்ணி."

ஈஸ்வரிக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. கங்கம்மாள் பதினோரு மணி என்றால் பத்தரைக்கே வந்து நின்றாள். உட்காருவதற்கு முன்பே, "ஆமாவா இல்லையா?" என்றாள். "ஆமா," என்றாள் ஈஸ்வரி. சண்டைக்குத் தயாராக வந்த கங்கம்மாள் இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். ஆவணியில் சிறுவாபுரி கோவிலில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அவள் கொண்டுவந்திருந்த ஒரு பை கத்தரிக்காயை இறாலோடு போட்டுக் குழம்பு வைத்து எல்லோரும் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஈஸ்வரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைப் போட்டாள். பழக்க தோஷத்தில் வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைக் கடித்து நிறுத்தினாள்.

"போறேன் ஜோதி. சாப்ட்டுட்டுப் படு. முனைல வந்து நிக்காத."

ஜோதி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். "வாயக் கழுவுங்க அண்ணி! ரயில்ல ஏறி எறங்கறவங்க, இன்னா பேச்சு இது?"

ஈஸ்வரி அந்தக் கையை விலக்கினாள். "உங்க அண்ணன் வரேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. வந்தாரா? வார்த்தைல ஒண்ணும் இல்ல ஜோதி. நான் வந்துருவேன். நீ நிக்காத, அவ்ளோதான்."

அன்றைக்கு பெல்ட் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. சூப்பர்வைசர் இரண்டு தடவை உருண்டு வந்து போனார். திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் இல்லை, கிரேஸும் அவளும் கதவோரம் நின்றபடியே வந்தார்கள். விளையாட்டைத் திறக்கவில்லை. வெள்ளி தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆட்டோ தெருமுனையில் நின்றது. ஈஸ்வரி இறங்கி, தன்னை அறியாமல் பையை நீட்டினாள். வாங்க அங்கே யாரும் இல்லை. பெஞ்சு காலியாக இருந்தது.

"இன்னாமா, இன்னிக்கு ஆளக் காணோம்?" என்றார் முனுசாமி.

"ஊட்ல இருப்பா."

தானே சொல்லி, தானே விரும்பிக் கேட்டதுதான். ஆவணிக்கு இன்னும் இரண்டு மாதம். அதற்கப்புறம் இந்த முனை தினமும் இப்படித்தான் இருக்கும். காலிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடுவரைக்கும் நடந்தாள். அந்தத் தூரம் அவ்வளவு நீளம் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது.

புவனா டியூஷனுக்குப் போயிருந்தாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. அடுப்படியில் ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜோதி சாப்பிட்டிருக்கிறாள். கூடத்தில் இரண்டு தலையணையை அடுக்கி, அதன் மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஈஸ்வரிக்கு அழுகையும் வந்தது, பசியும் வந்தது. பசிதான் முந்திக்கொண்டது. சட்டியைத் திறந்து பார்த்தாள், குழம்பு மிச்சம் இருந்தது. சத்தம் வராமல் தட்டை எடுக்கத்தான் பார்த்தாள், கரண்டி வழுக்கிக் கீழே விழுந்தது.

"வந்துட்டீங்களா அண்ணி?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள் ஜோதி. எழுந்திருக்கக் கையை ஊன்றினாள்.

"வந்துட்டேன்," என்றாள் ஈஸ்வரி. "நீ எந்திரிக்காத. படு."

ஜோதி மறுபடி படுத்துக்கொண்டாள். ஈஸ்வரி தனக்குத் தானே சோற்றைப் போட்டுக்கொண்டு, அவள் கால்மாட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.